ஸ்பைவேர் போன பிறகும் வந்து நிற்கும் பெட்டி: எந்த வழியில் சரிசெய்வது?

காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு சிஸ்டத்தை ஆன் செய்வேன். பெங்களூர் அல்சூர் பஜார் தெருவை ஒட்டிய சந்தில் எங்கள் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று தமிழிலும் கன்னடத்திலும் அடித்துக் கொடுக்கிறோம். ஆடி மாதம், கூழ் ஊற்றும் நோட்டீஸ் வேலை குவிந்திருந்த ஒரு காலையில், திரை வந்ததும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி நின்றது. தலைப்பில் ரன்டிஎல்எல் என்று இருந்தது. உள்ளே சி டிரைவில் தொடங்கி, யூசர்ஸ், ஆப்டேட்டா, லோக்கல் என்று நீண்டு, கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டில் தட்டியது போன்ற பெயருள்ள ஒரு டிஎல்எல் கோப்பில் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) போய் முடிகிற பாதை. இதைத் தொடங்குவதில் சிக்கல், குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஓகே அழுத்தினால் போய்விடும். மறுநாள் காலை அதே இடத்தில் மறுபடி வந்து நிற்கும்.

முந்தின நாள்தான் அந்த சிஸ்டத்திலிருந்து ஒரு ஸ்பைவேரை, அதாவது நமக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து வேவுபார்க்கிற ரக மென்பொருளை, எடுத்திருந்தோம். கடையில் வேலை பார்க்கும் தம்பி, வாடிக்கையாளர் அனுப்பிய பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற ஏதோ ஓர் இலவச மென்பொருளை இறக்கியிருக்கிறான். அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது அது. பிரவுசரின் தேடல் பக்கம் மாறியது, வேகம் படுத்துவிட்டது. விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டரை முழு ஸ்கேன் ஓடவிட்டு, கண்டுபிடித்ததையெல்லாம் நீக்கச் சொன்னோம். நீக்கியும் விட்டது. நிம்மதியாக வீட்டுக்குப் போனவளுக்கு மறுநாள் காலை இந்தப் பெட்டி.

அதைப் பார்த்ததும் ஸ்பைவேர் இன்னும் போகவில்லை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரும்பாலும் உண்மை நேர்மாறானது. விண்டோஸ் தொடங்கும்போது எதையெதையெல்லாம் ஓடவிட வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உண்மையில் ஒரே பட்டியல் இல்லை, பல இடங்களில் பல பட்டியல்கள். ஸ்பைவேர் உள்ளே வந்ததும் தன் கோப்பை ஓரிடத்தில் வைக்கும், அந்தக் கோப்பைத் தினமும் எழுப்பு என்று இந்தப் பட்டியல்களில் ஒன்றில் ஒரு வரியும் எழுதிவைக்கும். ஆன்டிவைரஸ் வந்து கோப்பை அழிக்கிறது. வரியை எல்லா நேரமும் அழிப்பதில்லை. வீடு காலிசெய்து போனவர் பெயருக்குப் பால்காரர் தினமும் பாக்கெட் கொண்டுவந்து கதவைத் தட்டுகிற மாதிரி, விண்டோஸ் அந்த வரியைப் படித்து, கோப்பைத் தேடி, இல்லை என்று நம்மிடம் சொல்கிறது. ரன்டிஎல்எல்32 என்பது அந்தப் பால்காரர் மட்டும்தான். டிஎல்எல் கோப்பு தானாக ஓடாது, அதை ஓட்டிவிடுவதற்கு விண்டோஸோடு வருகிற நல்ல நிரல் அது. பெட்டியில் பெயர் இருக்கிறதே என்று சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போய் அதை அழிப்பவர்கள் உண்டு. அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

இந்தப் பெட்டியைப் போக்க வழிகள் ஏழெட்டு இருக்கின்றன. ஐந்து நிமிட வேலையிலிருந்து ஒரு நாள் முழுக்க விழுங்கும் வேலை வரை. எது சரி என்பதைப் பெட்டியைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. நீங்கள் நீக்கியது என்ன ரகம், அந்த சிஸ்டத்தில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், இந்த இரண்டும்தான் முடிவுசெய்யும். ஒரே வாரத்தில் இரண்டு சிஸ்டங்களில் ஒரே மாதிரிப் பெட்டியைப் பார்த்து, ஒன்றுக்கு மிகச் சின்ன வைத்தியமும் இன்னொன்றுக்கு மிகப் பெரிய வைத்தியமும் செய்தேன். இரண்டுமே சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

முதலில், நீக்கியது என்ன என்று பார்க்கும் விதம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் புரொடெக்ஷன் ஹிஸ்டரி என்று இருக்கும். டிஃபெண்டர் பிடித்ததற்கெல்லாம் அங்கே ஒரு பெயர் இருக்கும். பெயரின் முதல் சொல்லைப் பாருங்கள். ஆட்வேர், பியூஏ, பிரவுசர்மாடிஃபையர், சாஃப்ட்வேர்பண்ட்லர் என்று தொடங்கினால் விளம்பரம் காட்டுவது, தேடல் பக்கத்தை மாற்றுவது, வேண்டாத மென்பொருளைக் கூட்டிவருவது போன்ற ரகம். தொல்லைதான், ஆனால் பீரோ சாவியைத் திருடும் ரகம் இல்லை. பிடபிள்யூஎஸ் என்றோ ட்ரோஜன்ஸ்பை என்றோ தொடங்கினால் கதையே வேறு. முன்னது பாஸ்வேர்டு திருடுவது, பின்னது உங்கள் நடமாட்டத்தைப் பார்த்து வெளியே அனுப்புவது. அந்தப் பக்கத்தை உடனே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் என்றைக்கும் அப்படியே இருக்காது, பழையவை தானாக மறைந்துவிடும்.

கூடவே டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்றையும் ஓடவிடுங்கள். அதே இடத்தில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கிறது. சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஸ்கேன் நடக்கும், சுமார் கால் மணி நேரம் பிடிக்கும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் ஆசாமிகள் அப்போது ஒளிய இடமில்லாமல் மாட்டுவார்கள். இதற்குப் பிறகும் ஒன்றும் இல்லை என்று வந்தால்தான் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் கடை சிஸ்டத்தில் வந்த பெயர் பிரவுசர்மாடிஃபையர். ஆஃப்லைன் ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. சரி, இப்போது வழிகள்.

ஒன்றும் செய்யாமல் தினமும் ஓகே அழுத்திக்கொண்டு போவதும் ஒரு வழிதான். நிறையப் பேர் வருடக்கணக்கில் அப்படித்தான் இருக்கிறார்கள். பெட்டி தன்னளவில் எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனாலும் நான் ஒப்பமாட்டேன், இரண்டு காரணங்கள். அந்த வரி இன்னும் உயிரோடு இருக்கிறது. நாளைக்கு அதே பெயரில் அதே இடத்தில் ஒரு கோப்பு வந்து உட்கார்ந்தால், விண்டோஸ் எந்தக் கேள்வியும் கேட்காமல் எழுப்பிவிடும். அடுத்தது, படிக்காமல் ஓகே அழுத்துவது கைக்குப் பழகிவிடும். உண்மையாகவே எச்சரிக்கை செய்கிற பெட்டி ஒன்று வரும் நாளில், விரல் அதையும் அழுத்திவிட்டுத்தான் நிற்கும்.

இன்னும் இரண்டு வழிகளை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம். கிடைக்கவில்லை என்கிற டிஎல்எல்லை இணையத்தில் தேடி இறக்கிப் போடுவது முதலாவது. யோசித்துப் பாருங்கள், அந்தக் கோப்பே ஸ்பைவேர்தான். அதற்கு நல்ல பிரதி என்று ஒன்று உலகத்தில் எங்கும் இல்லை. அடுத்தது, ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்ற பெயரில் கிடைக்கும் மென்பொருள்கள். விண்டோஸ் தன் அமைப்புகளை வரிவரியாக எழுதிவைக்கும் இடம்தான் ரெஜிஸ்ட்ரி. அந்த ஒரு வரியோடு சேர்த்து நூற்றுக்கணக்கான வரிகளைத் தானே முடிவுசெய்து அழிக்கும். எதை அழித்தது என்று உங்களுக்குத் தெரியாது. இந்த வகை மென்பொருளைப் பயன்படுத்துவதைத் தாங்கள் ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே கொள்கையாக எழுதி வைத்திருக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்றொரு பகுதி இருக்கிறது, விண்டோஸ் 8 முதல். எளிது, எதையும் இறக்கவேண்டாம், டிஸேபிள் செய்ததை மறுபடி எனேபிள் செய்துகொள்ளலாம். தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து கமாண்ட் லைன் என்பதை டிக் செய்தால், ஒவ்வொன்றும் எந்தக் கோப்பை எழுப்புகிறது என்று தெரியும். பெயரே இல்லாமல் வெறுமனே புரோகிராம் என்று வெற்றுக் காகிதப் படத்தோடு ஒரு வரி நின்றால் அதை முதலில் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். குறை என்னவென்றால், இது இரண்டு மூன்று பட்டியல்களை மட்டுமே காட்டுகிறது. எங்கள் சிஸ்டத்தில் அந்த வரி இங்கே இல்லவே இல்லை.

அடுத்தது ஆட்டோரன்ஸ், அந்தப் பல பட்டியல்களையும் ஒரே இடத்தில் காட்டும் கருவி. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்க் ரூசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டதால், இப்போது மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அங்கிருந்து மட்டும் இறக்குங்கள். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டால் போதும்.

திறந்ததும் மிரட்டும். நூற்றுக்கணக்கான வரிகள் சரசரவென்று ஏறும். கீழே வேலை முடிந்தது என்று வரும்வரை எதையும் தொடவேண்டாம். பிறகு ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் எண்ட்ரிகளை மறை என்பதை டிக் செய்தால், பட்டியல் ஒரு கைக்கடக்கமாகச் சுருங்கும். இப்போது நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் பூசிய வரி என்றால், வரி இருக்கிறது, அது சுட்டும் கோப்பு இல்லை. நம் பெட்டிக்குக் காரணமானது இந்த மஞ்சளில்தான் இருக்கும். இளஞ்சிவப்பு என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் வெளியிட்டவர் யார் என்பதற்கு நம்பகமான அடையாளம் இல்லை.

எங்கள் சிஸ்டத்தில் ஐந்து மஞ்சள் வரிகள் இருந்தன. தம்பி எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றான். வேண்டாம் என்று தடுத்தேன். அதில் இரண்டு, நாங்கள் எப்போதோ தூக்கிப் போட்ட பழைய பிரிண்டருடையவை. ஒன்று ஏதோ டிரைவர் சம்பந்தப்பட்டது. மஞ்சளாக இருப்பதெல்லாம் ஸ்பைவேர் மிச்சம் இல்லை. பெட்டியில் வந்த பாதையைத் தம்பி ஒரு துண்டுச் சீட்டில் எழுத்து எழுத்தாக எழுதி வைத்திருந்தான். அதோடு ஒத்துப்போன வரி ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் என்ற தலைப்பின்கீழ் கிடைத்தது. நேர வேலைப் பட்டியல். லாகான் ஆகும் ஒவ்வொரு முறையும் ரன்டிஎல்எல்32ஐக் கூப்பிட்டு, அந்தக் கோப்பை எழுப்பச் சொல்லியிருந்தது. டாஸ்க் மேனேஜரில் ஏன் தெரியவில்லை என்பது அப்போது புரிந்தது.

அந்த வரியை டெலீட் செய்யவில்லை, இடதுபக்கம் இருந்த டிக்கை மட்டும் எடுத்தேன். ஆட்டோரன்ஸில் டெலீட் செய்தால் திரும்பக் கொண்டுவர வழியில்லை. டிக் எடுத்தால், தவறு என்று தெரிந்ததும் மறுபடி வைத்துக்கொள்ளலாம். என் கணக்கில், மற்ற வழிகளைவிட இது உயர்ந்து நிற்பதற்குப் பெரிய காரணம் இதுதான். ரீஸ்டார்ட் செய்தேன். பெட்டி வரவில்லை.

அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் சரியாக 11 மணிக்கு, ஒரு பத்திரிகையில் தாய்மாமன் பெயர் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அதே பெட்டி வேறொரு கோப்பின் பெயரோடு வந்தது. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்த்தால், தினமும் 11 மணிக்கு என்று இன்னொரு வேலை எழுதி வைத்திருக்கிறது. ஐந்து மஞ்சளில் நான் ஆராயாமல் விட்ட ஐந்தாவது வரி அது. அதையும் டிக் எடுத்தேன். ஆகவே ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். இரண்டு மூன்று நாள் வழக்கம்போல வேலை செய்து பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒரு சோதனை இருக்கிறது. டிக் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தபின் ஆட்டோரன்ஸை மறுபடி திறந்து பாருங்கள். எடுத்த டிக் தானாகத் திரும்பியிருந்தாலோ, அதே வரி இன்னொரு பெயரில் புதிதாக முளைத்திருந்தாலோ, உள்ளே யாரோ உயிரோடு உட்கார்ந்து திரும்ப எழுதுகிறார்கள் என்று பொருள். வெறும் மிச்சம் தன்னைத்தானே எழுதிக்கொள்ளாது. அப்படி நடந்தால் சின்ன வைத்தியங்களை அங்கேயே நிறுத்திவிட்டு, கீழே சொல்லப்போகும் பெரிய வழிக்குப் போய்விடுங்கள்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து கையாலேயே வரியை நீக்குவது பழைய ஆட்களின் வழி. தெரிந்தவர்களுக்கு வேகமானது. கரன்ட் வெர்ஷன் என்பதன்கீழ் ரன், ரன்ஒன்ஸ் என்ற இரண்டு இடங்களை, யூசருக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று என்று பார்க்கவேண்டும். அழிப்பதற்கு முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளவேண்டும். ஆட்டோரன்ஸ் இருக்கும்போது இந்தச் சிரமம் தேவையில்லை என்பது என் கட்சி. ஆனால் ஒரு சூழலில் இதை விட்டால் எளிய வழி கிடையாது. ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டு சிஸ்டத்தில் ஒருமுறை அது வந்தது. லாகான் ஆனதும் ரன் டாட் விபிஎஸ் என்ற ஸ்கிரிப்ட் கோப்பைக் காணோம் என்று பெட்டி, பின்னால் முழுக் கறுப்புத் திரை, ஐகான் ஒன்றுகூட இல்லை.

அந்த ரக ஸ்பைவேர், ரெஜிஸ்ட்ரியில் வின்லாகான் என்ற இடத்தில் உள்ள யூசர்இனிட் என்ற மதிப்பிலேயே கையை வைத்துவிடும். நீங்கள் லாகான் ஆனதும் உங்கள் டெஸ்க்டாப்பைக் கொண்டுவரும் வேலை யூசர்இனிட்டுடையது. அதன் இடத்தில் ஸ்கிரிப்டை நுழைத்து வைத்திருந்ததால், ஸ்கிரிப்ட் அழிந்ததும் டெஸ்க்டாப்பும் வரவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் புதிய வேலை என்பதில் ரெஜ்எடிட் என்று கொடுத்து, அந்த மதிப்பைப் பழையபடி, சிஸ்டம்32க்குள் இருக்கும் யூசர்இனிட் கோப்பின் முழுப் பாதையும் அதன் முடிவில் ஒரு காற்புள்ளியுமாக, போனில் சொல்லிச் சொல்லி நாத்தனாரை மாற்றவைத்தேன். அந்தக் காற்புள்ளியும் சேர்ந்ததுதான் விண்டோஸ் வைத்திருக்கும் இயல்பான மதிப்பு. ரீஸ்டார்ட் செய்ததும் பிள்ளைகளின் போட்டோ வால்பேப்பர் வந்ததைப் பார்த்து, போனின் அந்தப் பக்கம் நாத்தனார் அழுதே விட்டாள். பத்து வருடத்துக் குழந்தைப் படங்கள் அதில்தான் இருந்தன, போய்விட்டன என்று நினைத்திருக்கிறாள். கறுப்புத் திரையைப் பார்த்ததும் ஃபார்மட் போட்டுவிடுபவர்களைப் பற்றி எனக்கு இருக்கும் ஆதங்கம் இதனால்தான்.

சிஸ்டம் ரெஸ்டோர் பற்றி அதிகம் பேர் கேட்கிறார்கள். பழைய தேதிக்குத் திரும்பிவிடலாமே என்று. கேட்க நன்றாக இருக்கிறது, நம் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. நீங்கள் தேர்ந்தெடுக்கும் தேதி ஸ்பைவேர் உள்ளே வந்த நாளுக்கும் நீங்கள் அதை நீக்கிய நாளுக்கும் இடையில் இருந்தால், ரெஸ்டோர் அழிக்கப்பட்ட அந்த டிஎல்எல்லையும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடக்கூடும். பெட்டி உடனே நின்றுவிடும். ஏன் நின்றது என்றால், தேடிய கோப்பு கிடைத்துவிட்டது. அது வந்த நாள் நிச்சயமாகத் தெரிந்து, அதற்கு முந்தைய தேதி பட்டியலில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள், முடித்ததும் மறுபடி ஸ்கேன் ஓடவிடுங்கள். பல சிஸ்டங்களில் இந்த வசதி ஆஃப் ஆகியே கிடக்கும் என்பதும் சேர்த்துச் சொல்லவேண்டியது.

எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற கட்டளையையும் எல்லோரும் சொல்வார்கள். அது விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருந்தால் சரிசெய்யும். பெட்டியில் வரும் பெயர் சிஸ்டம்32க்குள் இருக்கும் விண்டோஸ் கோப்பாக இருந்தால் ஓடவிடுங்கள். ஆப்டேட்டாவுக்குள்ளோ டெம்ப் ஃபோல்டருக்குள்ளோ இருக்கும் விசித்திரப் பெயருக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை.

இனி பெரிய வைத்தியம். எங்கள் கடை சிஸ்டம் சரியான அதே வாரம், வீட்டின் கீழ் போர்ஷனில் இருக்கும் மாமா தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹெச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதே ரன்டிஎல்எல் பெட்டி.

“இந்தப் பொட்டி மட்டும் வராம பண்ணிக் குடும்மா. வேற ஒண்ணும் வேணாம்.”

ஹிஸ்டரியைத் திறந்தேன். பிடபிள்யூஎஸ் என்று தொடங்கும் பெயர், சில நாளுக்கு முந்தைய தேதி.

“மாமா, பொட்டி வராம பண்றது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா உள்ள இருந்தது பாஸ்வேர்டு திருடுற ரகம். நீங்க இதுலதானே பேங்க் பாக்குறீங்க?”

“பென்ஷன் வந்துச்சான்னு பாப்பேன். எஃப்டி இதுலதான் போடுறேன். அதான் எடுத்தாச்சே, ஆன்டிவைரஸே சொல்லுதே?”

“அதுக்குக் கண்ணுல பட்டதை எடுத்திருக்கு. படாதது இருக்கா இல்லையான்னு நான் எப்படி மாமா உங்களுக்கு உறுதி சொல்றது?”

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ரிட்டயர்மென்ட் பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நானும் அவசரப்படுத்தவில்லை. “சரி, என்ன பண்ணணுமோ பண்ணும்மா” என்றார்.

இங்கே ஆட்டோரன்ஸில் டிக் எடுத்திருந்தால் பெட்டி போயிருக்கும், மாமாவும் சந்தோஷமாகப் போயிருப்பார். அது அவருக்குச் செய்யும் துரோகம். பாஸ்வேர்டு திருடும் ரகம் குடியிருந்த சிஸ்டத்தில் வங்கி வேலை செய்யவேண்டும் என்றால், அந்த விண்டோஸையே நம்பக்கூடாது. புதிதாகப் போடவேண்டும்.

புதிதாகப் போடுவதிலும் இரண்டு உண்டு. ரீசெட் திஸ் பிசி என்று விண்டோஸுக்குள்ளேயே இருப்பது ஒன்று. என் கோப்புகளை வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுத்தால் மென்பொருள்களை எல்லாம் நீக்கிவிட்டு டாக்குமென்ட்ஸ், படங்களை அப்படியே வைத்திருக்கும். எதையெல்லாம் நீக்கியது என்று டெஸ்க்டாப்பில் ஒரு பட்டியலும் வைத்துவிட்டுப் போகும். விண்டோஸை இணையத்திலிருந்தே புதிதாக இறக்கிப் போடும் கிளவுட் டவுன்லோடு வசதியும் இருக்கிறது, 4 ஜிபிக்கு மேல் டேட்டா பிடிக்கும். வசதியானதுதான். ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் உங்கள் கோப்புதான் என்று அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஸ்பைவேரைக் கூட்டிவந்த அந்த செட்அப் கோப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

இன்னொன்று, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் வைத்து விண்டோஸை இறக்கி, பழைய பார்ட்டிஷன்களை (டிஸ்கின் பிரிவுகளை) அழித்து முதலிலிருந்து போடுவது. பென்டிரைவை வேறொரு சுத்தமான சிஸ்டத்தில் தயார்செய்யவேண்டும். மாமாவுக்கு இதையே தேர்ந்தெடுத்தேன். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் லைசென்ஸ் அந்த மெஷினோடு பிணைந்திருக்கும், மறுபடி காசு கொடுக்கவேண்டாம். படங்கள், பிடிஎஃப்கள், எக்ஸெல் தாள்களை மட்டும் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டோம். செட்அப் கோப்பு ஒன்றையும் எடுக்கவில்லை. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், எப்படியும் புதிதாகப் போடுகிறோம் என்றால் 11 போடமுடியுமா என்று பார்த்துவிடுவது நல்லது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இருக்கவேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து வந்த பிராசசராக இருக்கவேண்டும். மாமாவின் லேப்டாப் தேறிவிட்டது.

இவ்வளவு நல்ல வழி என்றால் கடை சிஸ்டத்துக்கும் அதையே ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். டிடிபி தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். எங்கள் சிஸ்டத்தில் 2001இல் வந்த, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 இன்னும் ஓடுகிறது. கோரல்டிரா, கன்னடத்துக்கு நுடியும் பரஹாவும், தமிழுக்குப் பழைய என்கோடிங் எழுத்துருக்கள் நூற்றுக்கு மேல். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்கள் அவை. எந்தப் பத்திரிகை எந்த எழுத்துருவில் அடித்ததோ அது இல்லாவிட்டால், திருவளர்செல்வன் என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். ரீசெட் செய்தால் நாமாகப் போட்ட எழுத்துருக்கள் போய்விடும். பதினைந்து வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. கடையின் அந்த சிஸ்டத்தில் வங்கி வேலை எதுவும் செய்வதில்லை, வந்தது பிரவுசரை மாற்றும் ரகம், வரிகள் திரும்ப முளைக்கவில்லை. ஆகவே சின்ன வைத்தியம். அதுவே பிடபிள்யூஎஸ் என்று இருந்திருந்தால், எழுத்துரு ஃபோல்டரைக் காப்பி எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் கடையை மூடியாவது புதிதாகப் போட்டிருப்பேன். இப்போது ஒரு வேலை செய்திருக்கிறேன். எழுத்துருக்கள், மென்பொருள் சிடிக்கள், சீரியல் நம்பர்கள் எல்லாம் ஒரு தனி ஹார்ட் டிஸ்கில், ஒரு நோட்டில். அடுத்த முறை முடிவு எடுக்கும்போது இழப்பைப் பற்றிய பயம் முடிவைத் திருப்பக்கூடாது.

கடைசியாக, கடையில் கொடுப்பது. பெங்களூரில் என்றால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுதான். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறி சிக்கபேட்டையில் இறங்கினால் நடக்கும் தூரம். கையில் வித்தை உள்ள மெக்கானிக்குகள் அங்கே இருக்கிறார்கள், பாதிப் பேரிடம் தமிழிலேயே பேசலாம். ஆனால் அவர்களுக்கு நேரம்தான் காசு. ஒரு வரியைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் உட்காருவதைவிட ஃபார்மட் போட்டுக் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்தபோது, கேட்காமலே ஃபார்மட் போட்டார்கள். போட்டது கிராக் செய்த விண்டோஸ். அதை ஆக்டிவேட் செய்யப் போட்ட கருவியையே ஆன்டிவைரஸ் பிடித்தது. ஸ்பைவேரை எடுக்கக் கொடுத்த சிஸ்டம் இன்னொன்றோடு வீட்டுக்கு வந்தது. அதனால் கொடுக்கும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: கேட்காமல் ஃபார்மட் போடக்கூடாது, போடுவதானால் இதே மெஷினின் ஒரிஜினல் லைசென்ஸில் போடவேண்டும், பாஸ்வேர்டு கேட்டால் வங்கி விவரம் எதுவும் சேமித்திராத தனி யூசர் ஒன்றைத்தான் கொடுப்பேன். தன் கையால் ரெஜிஸ்ட்ரியையோ பென்டிரைவையோ தொடப் பயப்படுபவர்களுக்கு இது நல்ல வழிதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாமாவின் லேப்டாப்பில் விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தபோதே, அவர் போனில் பாஸ்வேர்டுகளை மாற்ற ஆரம்பித்தோம். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மீட்கும் வழி மெயில்தான். பிறகு வங்கி, பிறகு மற்றவை. எல்லாவற்றிலும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டோம். கணக்கில் தெரியாத பரிவர்த்தனை ஏதாவது இருக்கிறதா என்று மூன்று மாத ஸ்டேட்மென்டைப் பார்த்தோம். நல்லவேளை, இல்லை. இருந்திருந்தால் அந்த நிமிடமே வங்கிக்கும் 1930க்கும் போன் செய்திருக்கவேண்டும். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. புது விண்டோஸில் குரோமைத் திறந்து அவர் கணக்கில் நுழைந்ததும் ஒன்று நடந்தது. பழைய எக்ஸ்டென்ஷன்கள் சிங்க் வழியாகத் தாமாக வந்து உட்கார்ந்தன. அதில் கூப்பன் தருவதாகச் சொல்லும் ஒன்றை மாமா போட்டதாகவே நினைவில்லை என்றார். அதை நீக்கிவிட்டுத்தான் அன்று இரவு சாப்பிடப் போனேன்.

கடை சிஸ்டத்தில் அதற்குப் பிறகு பெட்டி வரவில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலை தொடங்கும் முன், ஆட்டோரன்ஸை மறுபடி திறந்து பார்த்தேன். டிக் எடுத்த இரண்டு வரிகளும் எடுத்தபடியே இருந்தன, புதிதாக எதுவும் முளைக்கவில்லை. தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, துண்டுச் சீட்டில் இருந்த பெயரோடு ஒருமுறை சரிபார்த்து, இரண்டையும் அவன் கையாலேயே டெலீட் செய்யச் சொன்னேன்.